தாடை உடையாதவள்

“இந்தப் பகுதி நோயாளிகள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். நீ வேறு ஆளைப் பார்த்துக்கொள்.”

பேராசிரியர் இதை ஆங்கிலத்தில் சொன்னார். நான் பல் மருத்துவக் கல்லூரி நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தேன். என் சீட்டில் கல்மண்டபம், ராயபுரம் என்று எழுதியிருந்ததைப் படித்ததுமே, சீட்டுக்குரியவளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டார். நான் பி.காம். முடித்தவள். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் நாள் முழுக்க ஆங்கிலக் காகிதங்களோடு இருப்பவள். என் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான்தான். வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. வாய் காலியாக இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். முகவரியைப் படித்து ஆளை அளக்கிறவரிடம் பேசுவது நேரத்துக்குக் கேடு.

அவர் சொன்னது டாக்டர் சுபாஷினியிடம். கோவில்பட்டிக்காரர், பட்டமேற்படிப்பு மாணவி. இவர்கள் படிப்பு முடிவதற்குள் இத்தனை பேருக்குச் சிகிச்சையைத் தொடங்கி முடித்துக் காட்ட வேண்டுமாம். பாதியில் ஓடிப்போன நோயாளி சேர்த்தியில்லை. அதனால் காசிமேட்டில் நண்டைத் தூக்கி, வயிற்றை அழுத்திச் சதை இருக்கிறதா என்று பார்த்து எடுப்பதைப் போல நோயாளிகளைப் பொறுக்குவார்கள்.

பேராசிரியர் நகர்ந்ததும் சுபாஷினி குனிந்து கேட்டார். “பாதியில நின்னுருவியாம்மா?”

“நீங்க நிக்காம இருந்தா நானும் நிக்கமாட்டேன்.”

அவர் சிரித்துவிட்டு என் சீட்டைத் தன் கோப்பில் செருகிக்கொண்டார்.

நான் அழகுக்காகப் போகவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஆளாளுக்கு அப்படித்தான் சொன்னார்கள். மேல்வரிசையில் இடது பக்கம், முன்பல்லுக்கு அடுத்த பல் லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. அதை ஒட்டி இருந்த கோரைப்பல் மட்டும் அரிசி மணிபோல் சிறியது. பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோட்டையும் கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். வலி கிடையாது.

படத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அரிசிப்பல் ஒரு பால்பல். இருபத்து மூன்று வயதில் வாயில் பால்பல்லோடு திரிந்திருக்கிறேன். நிஜமான கோரைப்பல் கீழே இறங்கவே இல்லை. மேலண்ணத்து எலும்புக்குள் குறுக்காகப் படுத்துக்கிடந்தது. அதன் கூர் முனை, ஆடிக்கொண்டிருந்த பல்லின் வேரில் போய் முட்டி, வேரை அரித்துக்கொண்டிருந்தது.

சுபாஷினி பேனா முனையால் தொட்டுக் காட்டினார். முதலில் எல்லாப் பற்களிலும் கம்பி கட்டி, கோரைப்பல் வந்து நிற்க இடம் உண்டாக்க வேண்டும். அதற்கு எட்டு மாதம். அப்புறம் அண்ணத்தைக் கீறி, புதைந்த பல்லைக் கண்டுபிடித்து, அதன்மேல் ஒரு பொத்தானை ஒட்டி, அதிலிருந்து மெல்லிய சங்கிலியை வெளியே எடுத்துக் கம்பியோடு கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். இழுத்து முடிக்க இன்னும் ஒன்றரை வருடம்.

“நடுவுல நிறுத்தினா?”

“உள்ள இருக்கறது அப்படியே கெடந்து, பக்கத்துப் பல்லோட வேரைத் தின்னு முடிச்சிரும். ரெண்டும் போயிரும்.”

கம்பி கட்டிய நாள் இரண்டு மணி நேரம் வாயை அகலமாக விரித்து வைத்தார்கள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன உலோகக் கட்டையைப் பசையால் ஒட்டி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தார்கள். அன்றைக்கு வலிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் வலி வந்தது. வாழைப்பழத்தைக் கடித்தாலும் பற்கள் எல்லாம் கழன்று விழும் என்பதைப் போன்ற வலி. கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகும். உறுத்தும் இடத்தில் வைக்க ஒரு மெழுகு தருவார்கள். பட்டாணி அளவு உருட்டி அப்பிக்கொள்ள வேண்டும். கம்பி போடப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மெழுகைக் கைப்பையில் வைத்திருங்கள், வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். முறுக்கைப் பார்த்து ஏங்காதீர்கள். ‘ச’ என்று தொடங்கும் சொற்கள் ஒரு மாதத்துக்குச் சீறும். அதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்காக வாயை மூடிக்கொள்ளாதீர்கள்.

யார்டில் டிரெய்லர் ஓட்டுநர்கள் சிரித்தார்கள். “இன்னா மேடம், வாயில தண்டவாளம் போட்டுகீறாங்க? கூட்ஸ் வண்டி எப்ப வரும்?” என்று ஒருவர் கேட்டார். அவருக்கு முன்வரிசையில் நான்கு பற்கள் இல்லை. மீதி இருந்தவை மாவாப் புகையிலையில் ஊறிப் பழுத்துக் கிடந்தன. “உங்க ஸ்டேஷன்ல பிளாட்பாரமே இல்லயே அண்ணே, வண்டி அங்க நிக்காது,” என்றேன். அதற்குப் பிறகு அவர் என் மேசைக்கு வரும்போது வாயைத் திறக்காமல் காகிதத்தை நீட்டுவார்.

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்திலும் இதே கதைதான். பெஞ்சு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள், பக்கத்தில் அம்மாக்கள். “தம்பிக்கா, தங்கச்சிக்கா?” என்று ஒரு அம்மா விசாரித்தார். எனக்குத்தான் என்றதும், “இந்த வயசுலயா?” என்றார். பல்லை வைத்துக்கொள்ள எந்த வயதுவரை அனுமதி என்று அவர் சொல்லவில்லை.

எட்டு மாதம் இப்படியே போனது. இதற்கிடையில் நைனாவின் தங்கை டெய்சி அத்தை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை லாரன்ஸ், துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். பெண் பார்க்க வந்த அன்று என் வாயைப் பார்க்காமல் என் கண்ணைப் பார்த்துப் பேசினார். பிறகு இரண்டு மாதம் போனில் பேசினோம். எந்தக் கப்பல் எந்த ஊர்க் கொடியோடு வந்திருக்கிறது என்று சொல்வார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது.

அறுவைச் சிகிச்சைக்குத் தேதி கிடைத்தது கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால். தள்ளிப்போடலாமே என்றார் அம்மா. வேர் தேய்வது கல்யாணத்துக்காகக் காத்திருக்காது என்றேன்.

அண்ணத்தில் போடும் மயக்க ஊசிதான் எல்லாவற்றிலும் மோசம். அதற்குப் பிறகு வலி இல்லை, ஆனால் சத்தம் இருக்கிறது. எலும்பைச் சுரண்டும் சத்தம் வெளியிலிருந்து காதுக்கு வருவதில்லை, மண்டைக்குள்ளேயே கேட்கிறது. பயந்தேன். பயத்தை அடக்க, அன்று காலை யார்டுக்கு வந்திருக்க வேண்டிய கன்டெய்னர் எண்களை மனதில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். நான்கு எழுத்து, ஏழு எண். ஆறாவது பெட்டியில், “கெடச்சிட்டும்மா, நல்லா வெள்ளையா இருக்கு,” என்று சுபாஷினியின் குரல் கேட்டது. பால்பல்லைப் பிடுங்கி, பொத்தானை ஒட்டி, சங்கிலியைக் கட்டி, தையல் போட்டார்கள். வாயை இழுத்துப் பிடித்திருந்ததில் உதட்டோரம் கருநீலமாகக் கன்றிப்போனது. கன்னமும் வீங்கியது.

நைனா காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாளம் உடைப்பவர். சாயங்காலம் ஒரு துணிப்பொட்டலம் நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்து என் கன்னத்தில் வைத்தார்.

அம்மா பாய்ந்து வந்தார். “இன்னா மனுசன்யா நீ? மீனுக்குப் போடுற ஐஸ்ஸ கொண்ணாந்து பொண்ணு மூஞ்சில வெச்சிகினு.”

“மீனுக்குப் போடல. மீனுக்குப் போறதுக்கு முன்னாடியே எட்த்துகினு வன்ட்டேன்.”

“வாசன அட்ச்சிகினு கீது.”

“அது என் கை வாசன.”

திருவொற்றியூரில் இறால் உரிக்கும் ஷெட்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வரும் அம்மா, அந்த வாரம் முழுக்க எனக்குச் சுறாப்புட்டு செய்தார். சுறாவில் முள் இல்லை. உதிர்த்து வேகவைத்தால் மெல்லவே வேண்டாம், நாக்கால் நசுக்கினால் போதும். மருத்துவமனையில் கொடுத்த உணவுப் பட்டியலில் இட்லியும் ரசம் சாதமும் இருந்தன. சுறாப்புட்டு இல்லை. பட்டியல் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் ஞாயிறு. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று பூசை முடிவில் அறிவிப்பார்கள். அன்று எனக்கு முதல் ஓலை. முகத்தை மூடிக்கொண்டு வா என்றார் அம்மா. நான் மூடவில்லை. வீங்கிய கன்னமும் கன்றிய உதடும் கம்பியுமாக மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு மேரி அக்கா ஒரு தூக்கில் கஞ்சியும், அதோடு உறிஞ்சுகுழல் ஒன்றும் கொண்டுவந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தணித்தார்.

“யாரும்மா அட்ச்சது? சொல்லு. உங்க நைனாண்ட சொல்லமாட்டேன்.”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரமானது. எங்கள் தெருக்களில் பல்லில் கம்பி என்றால் ஒரே பொருள்தான்: தாடை உடைந்தவன். சண்டையில் அடிபட்டவர்கள், லாரியிலிருந்து விழுந்தவர்கள், விசைப்படகில் இழுவைக் கயிறு அறுந்து முகத்தில் வாங்கியவர்கள். பெரியாஸ்பத்திரியில் மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கம்பியால் சேர்த்துக் கட்டி அனுப்புவார்கள். ஆறு வாரம் குழலில் கஞ்சி. என் சித்தப்பாவே அப்படி இருந்தவர். ஆனால் அவருக்கு வாய் திறக்காது. எனக்குத் திறக்கிறது. எட்டு மாதமாகக் கம்பியோடு அதே தெருவில் நடந்துபோனவளைப் பார்த்தவர்கள்தான் எல்லோரும். முகம் வீங்கியதும் கண்டுபிடித்துவிட்டார்கள். அடித்திருக்கிறான். அடித்தவன் ஒருவன் இருக்கிறான் என்றால் அவனோடு இவளுக்கு ஏதோ இருந்திருக்கிறது. ஒரு பல்லைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சோம்பல்பட்டவர்கள், ஒரு முழு மனிதனையே உண்டாக்கிவிட்டார்கள்.

கஞ்சியைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. உறிஞ்சுகுழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அன்று மாலையே கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து, ஃபாதர் கூப்பிடுவதாகச் சொன்னார். பங்குத்தந்தை இளையவர், சங்கடத்தில் நெளிந்தார். ஓலை வாசித்த பிறகு இரண்டு பேர் வந்து ‘தடை’ தெரிவித்திருக்கிறார்கள். பெண்ணை வேறு ஒருவன் அடித்துத் தாடையை உடைத்திருக்கிறான், அதை விசாரிக்க வேண்டும் என்று.

“யாரு ஃபாதர் சொன்னது?”

“அத நான் சொல்லக் கூடாதும்மா.”

வாயைத் திறந்து அண்ணத்தைக் காட்டினேன். அவர் அவசரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் வந்தால் பதிவேட்டில் வைத்துவிடலாம், யாரும் பேச முடியாது என்றார். என் வாய்க்குள் என்ன இருக்கிறது என்பதற்கு என் சொல் போதவில்லை. முத்திரை குத்திய காகிதம் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சுபாஷினியிடம் போய் நின்றேன். தமிழில், இரண்டே வரியில் வேண்டும் என்றேன். ‘இவருக்குத் தாடை எலும்பு முறியவில்லை. யாரும் அடித்ததால் இச்சிகிச்சை நடைபெறவில்லை.’ எழுதி முத்திரை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். “பல் டாக்டருக்குப் படிச்சு, யாரும் அடிக்கலன்னு சர்டிபிகேட் குடுக்கேன். எங்க அம்மாட்ட சொன்னா நம்பமாட்டாக.”

ஓலைக்கு இருந்த தடை நீங்கியது. இரண்டாவது ஞாயிறும் வாசித்தார்கள். அன்று மதியம் லாரன்ஸின் அம்மா டெய்சி அத்தையோடு வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“இது எப்ப கழட்டுவாங்க?”

“இன்னும் ஒன்ற வருஷம் ஆவும் அத்தை.”

அவர் டெய்சி அத்தையைத் திரும்பிப் பார்த்தார். “கல்யாணத்துக்கு முன்னாடி எட்த்துருவாங்கன்னு சொன்னியே டெய்சி?”

“சொன்னேன்... டாக்டருங்க மாத்திக்கினாங்க போல.”

“யாரும் மாத்தல. நீங்க என்னைக் கேக்கவே இல்ல,” என்றேன்.

“ஸ்டெல்லா,” என்று அம்மா அடுப்படியிலிருந்து எச்சரித்தார்.

லாரன்ஸின் அம்மா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினார். “இத பாரும்மா. அடி வாங்கினவன்னு ஒரு பேச்சு ஓடிட்ச்சு. பொய்தான், நான் நம்பல. ஆனா போட்டோல வாய் நெறய கம்பியோட நின்னா, பொய் சொன்னவங்க வாய்க்கு அவல் குட்த்த மாதிரி ஆவும். கல்யாணம் முடியட்டும். அப்பால இன்னா வேணாலும் மாட்டிக்கோ.”

பொய் என்று தெரியும், ஆனால் பொய்யர்களுக்கு வசதியாக என் பல்லைக் கொடுத்துவிட வேண்டும். அவர் பேச்சின் சாரம் அதுதான். கம்பியை எடுத்தால் சங்கிலியை வெட்ட வேண்டும், ஈறு மூடிக்கொள்ளும், மறுபடி கீற வேண்டும், அதற்குள் வேர் மிஞ்சுமா என்று தெரியாது என்றேன். “ஒரு மாசத்துல இன்னா ஆயிடப்போவுது?” என்றார். எக்ஸ்ரேயை எடுத்து வந்தேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

மாலையில் லாரன்ஸ் கூப்பிட்டார்.

“ஒரு பல்லுக்காகவா ஸ்டெல்லா இவ்ளோ?”

“ரெண்டு.”

“சரி, ரெண்டு. அம்மா பேஜாராயிட்டாங்க.”

“வியாழக்கிழம பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க. டாக்டர் படத்த காட்டுவாங்க. பாத்துட்டு, அப்பவும் கழட்டுன்னு தோணுச்சுன்னா என் எதிர்ல சொல்லுங்க.”

“வரேன்.”

அவர் வந்து, பார்த்துவிட்டு, கழற்று என்று கேட்டிருந்தால் ஒருவேளை கழற்றியிருப்பேன். இதை எழுதும்போது என் மீதே எனக்கு இளப்பமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நாள் அப்படித்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை ஒன்பதே முக்காலுக்கே பெஞ்சில் இருந்தேன். என் எண்ணைக் கூப்பிட்டபோது இரண்டு பிள்ளைகளை எனக்கு முன்னால் போகச் சொன்னேன். பத்தரை. பதினொன்று. பதினொன்று நாற்பதுக்கு போனில் செய்தி வந்தது. ‘அம்மா கூட நகை கடைக்கு வந்துட்டேன். நீ டாக்டர் கிட்ட சொல்லி கழட்டிட்டு வா. ஈவ்னிங் பேசலாம்.’

இரண்டு முறை படித்தேன். துறைமுகத்தில் நாற்பது டன் பெட்டியைத் தூக்கிக் கப்பலில் வைக்கிறவருக்கு, தன் அம்மாவின் கையிலிருந்து ஒரு காலை நேரத்தை விடுவித்துக்கொள்ள முடியவில்லை. உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தேன்.

“யாரோ வாராகன்னியே?” என்றார் சுபாஷினி.

“வரல. நீங்க பாருங்க.”

கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். சாமணத்தால் சங்கிலியை மெல்லத் தட்டினார். “இங்க பாரு. கட்டும்போது விறைப்பா இருந்துச்சு, இப்ப தொங்குது. பல்லு அசஞ்சிருக்கும்மா. எலும்போட ஒட்டிப்போயிருக்குமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன். ஒட்டல. இனி விடாம இழுத்தா வந்துரும்.”

“கட்டுங்க.”

ஒரு கண்ணி குறைத்து இறுக்கினார். கண்ணில் நீர் வந்தது. வலியால் வந்தது. வேறு காரணம் எதையும் யாரும் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். “கம்பிக்காக மாப்ளய வுட்டுட்டாளாம்னு தெரு சிரிக்குமேடி.”

“தெரு போன வாரம் வேற சொல்லிச்சு. அடுத்த வாரம் இன்னொன்னு சொல்லும்.”

“உனுக்கு கஷ்டமா இல்ல?”

“இருக்குது.”

அம்மா எழுந்துபோய் இரவுச் சோற்றைக் குழைய வடித்தார்.

சனிக்கிழமை மாலை நான் செருப்பை மாட்டும்போது, நைனா வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கூப்பிடவில்லை, அவராக வந்தார். பங்கு அலுவலகத்தில் ஃபாதரிடம் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு மூன்றாவது ஓலை, எல்லாம் தயாராக இருக்கிறதே என்றார் அவர். பிறகு நைனாவிடம் திரும்பி, “உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

“எனுக்குப் படிக்கத் தெரியாது ஃபாதர். இன்னா எழுதப் போறான்னு வர்ற வழியில சொல்லிகினே வந்தா. சரியாத்தான் கீது.”

ஃபாதர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது ஓலையை வாசிக்க வேண்டாம் என்று எழுதி, காரணத்தையும் எழுத வேண்டும் என்றார். ‘மணமகன் வியாழக்கிழமை மருத்துவமனைக்கு வரவில்லை’ என்று எழுதினேன்.

அவர் படித்துவிட்டு, “இது மட்டும் போதுமாம்மா?” என்றார்.

“போதும் ஃபாதர்.”

கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.